தொகுப்பு வீடு: மனு போட்டவர்களும், போட முடியாதவர்களும்

அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடாக இருந்தாலும் சரி, பணம் கொடுத்துக் கட்டச் சொன்ன வீடாக இருந்தாலும் சரி, விருதுநகர் பக்கத்து கிராமங்களில் அதற்கு ஒரே பெயர்தான். தொகுப்பு வீடு. மத்திய அரசுத் திட்டமா, மாநில அரசுத் திட்டமா, எந்த வருஷம் கட்டியது என்பதெல்லாம் சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும். ஆனால் வாயில் வருவது தொகுப்பு வீடுதான். "தொகுப்பு வீட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கோம்" என்று ஒருவர் சொன்னால், மனு போட்டு நாளாயிற்று, இன்னும் பதில் இல்லை என்று அர்த்தம்!

இந்தத் தொகுப்பு வீட்டின் வரலாற்றைத் திட்டங்களின் பெயரை வைத்து எழுதினால் அது பொது அறிவுப் புத்தகத்தில் வரும் பட்டியல் மாதிரிதான் இருக்கும். அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு காலத்திலும் மனுவில் என்ன கேள்வி கேட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தால் வேறொரு கதை கிடைக்கிறது. கேள்வி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தந்தக் கேள்விக்குக் கையில் பதில் வைத்திருந்தவருக்கு வீடு கிடைத்தது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிற ஜனங்களில் பலரிடம் அந்தப் பதில் ஏன் இல்லாமல் போனது என்பதுதான் விஷயம்.

முதல் கேள்வி 1952-ல் வந்தது: எந்த ஆலையில் வேலை பார்க்கிறாய்?

சுதந்திர இந்தியாவின் ஆரம்பகால வீட்டுத் திட்டங்களில் முக்கியமானது, அந்த வருஷம் மத்திய அரசு கொண்டுவந்த மானியத்துடன் கூடிய தொழிலாளர் வீட்டுவசதித் திட்டம். மாநில அரசோ, ஆலை முதலாளியோ, தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ வீடு கட்டலாம். கடனும் மானியமும் மத்திய அரசு தரும். யாருக்கு வீடு? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்துக்குள் வருகிற தொழிலாளிக்கு. அந்தச் சட்டப்படி, மின்சாரத்தில் இயங்கினால் 10 பேர், மின்சாரம் இல்லாவிட்டால் 20 பேர் வேலை பார்க்கிற இடம்தான் தொழிற்சாலை. ராஜபாளையத்தில் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய பஞ்சாலை மாதிரியான இடங்களுக்கு இதில் பிரச்சினையே இல்லை. சங்கு ஊதும், ஷிப்டு மாறும், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும்.

சிவகாசியில் கதை வேறு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, அடுத்த வருஷம் ஊரில் ஆரம்பித்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தொழில் வளர்ந்த விதம்தான் இங்கே முக்கியம். தீப்பெட்டிக்கு 1934-ல் கலால் வரி வந்தது. பிற்பாடு சின்ன உற்பத்தியாளருக்கு வரியில் சலுகை கொடுத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் சின்னதாக இருந்தால் லாபம் என்றால் யார் பெரிதாக வளருவார்கள்? ஒரே முதலாளி நாலைந்து பெயரில் நாலைந்து சின்ன யூனிட் வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. கூடு ஒட்டுகிற வேலை வீட்டுத் திண்ணைக்கே போனது. அம்மா ஒட்டுவாள், பாட்டி ஒட்டுவாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் ஒட்டும். எண்ணிக்கைக்குக் கூலி. இவர்களில் யார் தொழிலாளி, யார் எந்த ஆலையின் ஆள்? எந்தப் பதிவேட்டிலும் பதில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. இந்த வட்டாரத்தில் ஆலை என்றோ பாக்டரி என்றோ சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். "ஆபீசுக்குப் போயிருக்கா" என்றால் மருந்துக் கையோடு திரும்பி வரப்போகிறாள் என்று பொருள். வெளியூர்க்காரர்கள் ஏமாந்துபோவார்கள்.

மதுரையில் ஹார்வி மில் தொழிலாளர்களுக்காக ஹார்விபட்டி என்று ஒரு ஊரே உருவானது. இன்றைக்கும் திருப்பரங்குன்றம் பக்கத்தில் அந்தப் பெயரோடு இருக்கிறது. சிவகாசியில் அந்த மாதிரி ஒரு "பட்டாசுபட்டி" ஏன் உருவாகவில்லை? முதலாளிகளின் மனசு மட்டும் காரணம் இல்லை. பஞ்சாலை ராத்திரி ஷிப்டு ஓட்டும். தொழிலாளி பக்கத்தில் குடியிருந்தால் ஆலைக்குத்தான் லாபம். வெடிமருந்து விஷயத்தில் இது தலைகீழ். வெடிபொருள் விதிகள்படி ஆலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே பாதுகாப்பு இடைவெளி விட்டாக வேண்டும். ராத்திரியில் வேலை கிடையாது. இன்னொன்று, சுற்றியிருப்பது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் கிராமம் கிராமமாக ஆள் சும்மா இருக்கும். அதனால் மில் முதலாளி வீடு கட்டினார், வெடி ஆபீஸ் முதலாளி பஸ் விட்டார். விடியற்காலையில் இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமத்துக்கு வண்டி வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். வீட்டுச் செலவு முதலாளி கணக்கில் வரவே இல்லை. அது கிராமத்தின் கணக்கிலேயே இருந்துவிட்டது.

கணக்குப் படிக்கிறவர்களுக்கு இது புரியும். ஹார்விபட்டியில் வீடு என்பது ஆலையின் மூலதனச் செலவு. சிவகாசியில் அந்தச் செலவு பஸ்ஸுக்கு டீசலாக மாறியது. நிற்கிற சொத்து எதுவும் தொழிலாளி பக்கம் மிஞ்சவில்லை.

அடுத்த கட்டம் 1961. அந்த வருஷம்தான் சென்னை மாநில வீட்டுவசதி வாரியச் சட்டம் வந்தது. இன்றைய தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் அதில் பிறந்தது. அப்போது முதலமைச்சர் விருதுநகர்க்காரரான காமராஜர். வாரியத்தை உண்டாக்கிய அரசின் தலைவர், கடைசிவரை சென்னை திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டில் இருந்து 1975 அக்டோபர் 2-ல் அங்கேயே இறந்தார். வாரியத்துக்கு மனு போடுகிற வரிசையில் அவரும் நின்றிருக்கலாம், தகுதி இருந்தது! (போட மாட்டார் என்பது வேறு விஷயம்.)

ஹவுசிங் போர்டு கேட்ட கேள்வி: மாதச் சம்பளம் எவ்வளவு? குறைந்த வருவாய்ப் பிரிவு, மத்திய வருவாய்ப் பிரிவு, உயர் வருவாய்ப் பிரிவு என்று பிரித்து, முன்பணம் கட்டச் சொல்லி, விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் போட்டு, மீதியை வருஷக்கணக்கில் தவணையாக வாங்கி, கடைசித் தவணை முடிந்த பிறகே கிரயப் பத்திரம் கொடுத்தார்கள். சின்ன ஊரில் இதற்குப் பொருத்தமான ஆட்கள் யார்? ஆசிரியர், மின்வாரிய ஊழியர், தாலுகா ஆபீஸ் கிளார்க், பாங்கில் வேலை பார்ப்பவர். ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து 1985 மார்ச் 15-ல் விருதுநகரைத் தலைநகராக வைத்துப் புது மாவட்டம் வந்தபோது, ஊருக்கு அரசு அலுவலகங்களும் அதிகாரிகளும் வந்தார்கள். அவர்களுக்கு இந்த முறை சரியாகப் பொருந்தியது. சனிக்கிழமை வாரக்கூலி வாங்குபவர், அதுவும் தீபாவளி முடிந்தால் சில வாரம் வேலையே இல்லாதவர், பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மாதத் தவணை கட்டுகிறேன் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவார்? ஆக, "எந்த ஆலை" என்ற கேள்வியில் வெளியே நின்றவர், "என்ன சம்பளம்" என்ற கேள்வியிலும் வெளியேதான் நின்றார்.

அறுபதுகளின் கடைசியில் கேள்வி கூரைக்கு மாறியது. அதற்குக் காரணம் நெருப்பு. ஓலைக் குடிசை பற்றினால் ஒரு தெருவே போகும். சென்னையில் குடிசைப் பகுதிகள் எரிவது அப்போது அடிக்கடி வருகிற செய்தி. பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25-ல் கூலி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். அது விபத்து அல்ல, கொலை. ஆனாலும் ஓலைக் கூரை என்பது ஏழைக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அந்த இரவைவிடப் பச்சையாக எதுவும் சொல்லவில்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது (2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது). 1974-ல் ஆதிதிராவிடர் வீட்டுவசதிக்கென்று தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முக்கிய வேலையே தீப்பிடிக்காத வீடுகள் கட்டிக் கொடுப்பதுதான். "தீப்பிடிக்காத வீடு" என்ற சொல்லே அந்தக் காலத்து அரசாங்கச் சொல். கந்தகமும் அலுமினியப் பொடியும் கையாளுகிற வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு இரட்டை அர்த்தம் உண்டு. இங்கே வேலை இடத்தில் நெருப்புக்கு விதி இருக்கிறது, மருந்து செலுத்தும் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது வரைக்கும். வளவு வீட்டில் ஒரு அறைக்குள் எத்தனை பேர் படுக்கலாம் என்பதற்கு மட்டும் விதி இல்லை.

இதே நெருப்பிலிருந்து வேறொரு இடத்தில் வேறொரு பாதை கிளம்பியது. சிங்கப்பூரில் 1961 மே 25-ல் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். முந்தின வருஷம்தான் அங்கே வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. எரிந்த இடத்தையே அரசு எடுத்து, அதன் மேல் அடுக்குமாடி கட்டி, எரிந்தவர்களைக் குடியேற்றியது. 1964-ல் வீட்டை விலைக்கு வாங்கும் திட்டம் வந்தது. 1968 முதல் தொழிலாளியின் சேமநல நிதியிலிருந்தே தவணையைக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். அங்கே குடிபோன தமிழர்கள் பலரும் மனு போட்டது இந்த வீட்டுக்குத்தான். அந்த மனுவில் குடியுரிமை கேட்பார்கள், குடும்பம் கேட்பார்கள், வருமானம் கேட்பார்கள். நிலம் இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். நிலம் அரசுடையது, வீடு 99 வருஷக் குத்தகை. சிங்கப்பூரைப் புகழ வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. அங்கே நில எடுப்புச் சட்டம் எத்தனை கடுமையானது என்பது தனிக்கதை. சின்னத் தீவையும் ஒரு மாநிலத்தையும் ஒப்பிடவும் கூடாது. ஆனால் "நிலம் யார் தருவது" என்ற ஒரு கேள்வியில் இரண்டு பாதையும் எப்படிப் பிரிந்தன என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் தொகுப்பு வீட்டின் மொத்தக் கதையும் கடைசியில் அங்கேதான் போய் முட்டுகிறது.

1985-ல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் வந்தது. தொடக்கத்தில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகளுக்கு மட்டும். 1993-94-ல் மற்ற ஏழைகளுக்கும் விரிந்தது. 1996 ஜனவரி முதல் தனித் திட்டம் ஆனது. கிராமத்து ஏழையிடம் ஆலையின் பெயரும் கேட்காமல், மாதச் சம்பளமும் கேட்காமல் வந்த வீட்டுத் திட்டம் இது. அந்த அளவுக்கு இதைப் பாராட்டத்தான் வேண்டும். பட்டாசு வட்டாரத்துக் கிராமங்களில் உள்ள பழைய தொகுப்பு வீடுகளில் நிறைய இந்தத் திட்டத்தில் வந்தவை. வீடு பெண் பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரில் கொடுக்க வேண்டும் என்ற விதியும் நல்ல விதி.

பணம்தான் இடித்தது. சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 2004-ல் 25,000 ரூபாய், 2008-ல் 35,000, 2010-ல் 45,000, 2013-ல் 70,000. அந்தந்த வருஷத்தில் சிமெண்ட், கம்பி என்ன விலை விற்றது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கூரை மட்டத்தில் நின்றுபோன சுவர்களைப் பார்த்தால், மானியம் எந்த மட்டம் வரைக்கும் வந்தது என்று அளவுகோல் இல்லாமலே சொல்லிவிடலாம். இந்தத் திட்டத்தின் கேள்வி: வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா? பட்டியல் எடுக்க ஆள் வந்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை, எல்லாரும் ஆபீஸ் பஸ்ஸில் போய்விட்டார்கள் என்றால்? கணக்கெடுப்பு பகலில்தான் நடக்கும். இந்த ஊர்களில் பகலில் இருப்பது கிழவர்களும் கோழிகளும்தான்.

நடுவில் ஒரு விதிவிலக்கு வந்தது. மதுரையிலிருந்து விருதுநகர் போகிற வழியில், திருமங்கலம் தாண்டி மேலக்கோட்டையில் 1998-ல் திறந்த முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம். ஒரு ஊருக்கு 100 வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10, எல்லாம் கலந்து. சாதிக்காகச் செய்த ஏற்பாடு என்றுதான் எல்லாரும் இதைப் பேசுவார்கள். வீட்டுவசதிக் கோணத்தில் அதைவிடப் பெரிய விஷயம், இங்கே மனையும் அரசே கொடுத்தது என்பது. ஆனால் ஊருக்கு 100 என்றால், வரிசையில் 101-வதாக நிற்பவருக்கு அது செய்தி மட்டும்தான்.

2010-ல் கேள்வி மறுபடி கூரைக்கே வந்தது. கலைஞர் வீட்டு வசதித் திட்டம்: மாநிலத்தில் உள்ள 21 லட்சம் குடிசைகளையும் ஆறு வருஷத்தில் காங்கிரீட் வீடாக மாற்றுவது, ஒரு வீட்டுக்கு 75,000 ரூபாய். குடிசை குடிசையாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். மழைக்கு ஒழுகுகிறது என்று சீட்டுவாரிப் பணத்தில் ஓலையை மாற்றி ஆஸ்பெஸ்டாஸ் போட்டவர் அன்றைக்கு நொந்துபோயிருப்பார். அவருடைய வீடு வெயில் காலத்தில் அடுப்பு மாதிரி கொதிக்கும், ஆனால் அது குடிசை இல்லை! முன்னேற ஒரு படி எடுத்து வைத்தவரைப் பட்டியலிலிருந்து இறக்கிவிடுகிற இந்த வழக்கம் பிற்பாடும் தொடர்ந்தது. 2011-ல் ஆட்சி மாறியது, அந்தத் திட்டம் நின்றது. அதற்குப் பதிலாக முதலமைச்சரின் சூரியசக்தி பசுமை வீடுகள் திட்டம் வந்தது: 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், வருஷத்துக்கு 60,000 வீடு. வீடு முன்னைவிடப் பெரிது, பணமும் அதிகம். முந்தைய திட்டத்தின் பட்டியலில் பெயர் வந்து வீடு வராமல் போனவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஆட்சி மாறும்போது திட்டம் மாறுவது சகஜம். வரிசையையும் கலைத்துவிடுவதுதான் அநியாயம்.

மத்திய அரசு 2011-ல் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தியது. 2016-ல் இந்திரா திட்டம் பிரதம மந்திரியின் கிராம வீட்டுத் திட்டமாக மாறியபோது, சமவெளியில் மத்தியத் திட்டத் தொகை 1.20 லட்சம் ஆனது; பயனாளிகள் அந்தக் கணக்கெடுப்பிலிருந்து வந்தார்கள். கூடவே யாருக்குக் கிடையாது என்று 13 நிபந்தனை. பைக் வைத்திருந்தால் கிடையாது, பிரிட்ஜ் இருந்தால் கிடையாது, தரைவழி டெலிபோன் இருந்தால் கிடையாது, குடும்பத்தில் ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் கிடையாது. ஆபீஸ் பஸ் வராத ஊரில் இருப்பவர் தவணையில் ஒரு பழைய டி.வி.எஸ். 50 வாங்கியிருந்தால்? அது வண்டி, போச்சு! பைக், பிரிட்ஜ் நிபந்தனைகளை எடுத்துவிட்டு வருமான வரம்பை 15,000 ஆக்கியது 2024-ல்தான்.

இவ்வளவு கேள்விக்கும் பதில் இருந்து, பட்டியலிலும் பெயர் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், கடைசியாக வருவது எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி: பட்டா எங்கே?

மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் குடியிருக்கிறவரிடம் பட்டா இல்லாமல் போவது எப்படி என்று டவுனில் வளர்ந்தவர்களுக்குப் புரியாது. கிராமத்தில் வீடுகள் இருக்கிற இடம் கிராம நத்தம். பழைய நில அளவையில் நத்தம் முழுவதும் ஒரே எண்ணாகக் கிடக்கும், உள்ளே யாருக்கு எவ்வளவு என்று இருக்காது. 1979-லிருந்து 1987 வரை நிலப் பதிவேடுகளைச் சரிசெய்த யுடிஆர் வேலையும் புஞ்சை நஞ்சையைத்தான் பார்த்தது. அதற்குப் பிறகுதான் நத்தம் நிலவரித் திட்டம் என்று வந்து வீடு வீடாக அளந்து பட்டா கொடுத்தார்கள். அளந்த அன்றைக்கு வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பெயரில் போயிற்று. தாத்தா பெயர். தாத்தா இறந்து, அப்பாவும் சித்தப்பாக்களும் வாய்ப் பேச்சில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு, அவரவர் பிள்ளைகளும் தலையெடுத்த பிறகு, பேத்தி தொகுப்பு வீட்டுக்கு மனு போட வருகிறாள். பட்டா அவள் பெயரில் இல்லை. வாரிசுச் சான்றிதழ் வேண்டும். திருப்பூருக்குப் போன சித்தப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும், அத்தைகள் விட்டுக்கொடுக்க வேண்டும், பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும், பிறகு பட்டா மாற்ற வேண்டும். வீடு கிடைக்குமா என்று தெரியும் முன்னாலேயே இத்தனை செலவு. அத்தை ஒருத்தி முறுக்கிக்கொண்டால் எல்லாம் அதோடு சரி. நில உரிமைச் சிக்கல் என்று அரசு ஆபீசில் ஒரே வார்த்தையில் முடிக்கிற விஷயம், ஊரில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோவதாக முடிகிறது.

இது சொந்த இடம் உள்ளவர்களின் பாடு. ஓடைப் புறம்போக்கிலும் கண்மாய்க் கரையிலும் இருப்பவர்களுக்கு அந்த இடத்தில் பட்டாவே கிடைக்காது. வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டுத் தனியாக ஒரு மனு போட வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்கு வருகிற மனுக்களில் இது நிரந்தரமான வகை. இந்திரா திட்டக் காலத்தில் மனை வாங்கவும் ஒரு தொகை கொடுத்தார்கள்: 2009-ல் 10,000 ரூபாய், பிறகு 20,000. நாலுவழிச் சாலை வந்த பிறகு அந்தப் பணத்துக்கு இங்கே பத்திரச் செலவு வேண்டுமானால் ஆகும்.

டவுனில் நிலைமை இன்னும் இறுக்கம். 2015 ஜூன் 25-ல் தொடங்கிய நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில், சின்ன நகரங்களில் அதிகம் புழங்கியது தானே கட்டிக்கொள்ளும் பிரிவு. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாகக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது, சொந்த இடத்துக்குப் பட்டா வேண்டும். மத்திய அரசு 1.50 லட்சம், மாநில அரசு 60,000, ஆக 2.10 லட்சம். சிவகாசியிலும் 2021-ல் அதோடு இணைந்து மாநகராட்சியான திருத்தங்கலிலும் ஆபீசுக்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்று கிராமத்தை விட்டு வந்து, வளவு வீட்டில் வாடகைக்கு இருக்கிற குடும்பம் இந்தப் பிரிவுக்கு மனுவே போட முடியாது. வீடு இல்லாதவர் என்பதில் இவர்களைவிடத் தெளிவான ஆள் யார்? ஆனால் மனை இல்லை, அதனால் வீடும் இல்லை. வாரியம் கட்டுகிற அடுக்குமாடியில் பங்குத்தொகை கட்டிக் கேட்கலாம். அது எங்கே கட்டுகிறார்கள், ஆபீஸ் பஸ் அங்கே வருமா என்பதைப் பொறுத்தது. 2020-ல் அறிவித்த வாடகைக் குடியிருப்புத் திட்டத்தைப் பற்றிப் பெரிய ஊர்களில் பேசிய அளவுக்குச் சின்ன ஊர்களில் யாரும் பேசவில்லை.

பட்டா இருப்பவருக்கும் கணக்கு எப்படி இடிக்கிறது என்று பாருங்கள். திட்டத்தில் வீட்டின் அளவு 30 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 323 சதுர அடி. சதுர அடிக்கு 1,600 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 5,16,800 ரூபாய். மானியம் 2,10,000. மீதி 3 லட்சத்துக்கு மேல் வெளியே புரட்ட வேண்டும். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்குக் கிடைத்தால் (அதுவே தர்மவட்டி!) மாதம் 6,000 ரூபாய், மூன்று வருஷத்தில் 2,16,000. மானியமாக வந்த தொகைக்கு மேல் வட்டியாகப் போய்விடுகிறது, அசல் அப்படியே நிற்கிறது. மகளிர் குழுக் கடனும் நகை அடமானமும் இதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது பணம் வருகிற வரிசை. பேஸ்மட்டம் முடித்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டத்தில் ஒன்று, கூரை போட்டால் ஒன்று, எல்லாம் முடிந்தால் கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து ஏற்றிய பிறகுதான் பணம். முதல் தவணை வருவதற்கு முன்னாலேயே கைக்காசில் பேஸ்மட்டம் எழும்பியிருக்க வேண்டும். மானியம் என்று பெயர். நடைமுறையில் செலவு செய்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வது. கையில் நடைமுறை மூலதனம் உள்ள ஏழைக்கான திட்டம்! அதிலும் கரிசல் மண் ஒரு தனித் தொல்லை. மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும். செம்மண்ணில் தோண்டுவதைவிட ஆழமாக வானம் தோண்டி மணல் நிரப்பவில்லை என்றால் நாலு வருஷத்தில் சுவர் வாய் பிளந்துவிடும். அஸ்திவாரத்தில் போகிற பணம் போட்டோவில் தெரியாது. எந்த மண்ணில் கட்டினாலும் திட்டத்தின் தொகை ஒன்றுதான்.

இப்படி வானம் தோண்டிப் பேஸ்மட்டம் போட்டு நின்ற நேரத்தில்தான் சிலருக்கு 2018 வந்தது. அந்த வருஷம் அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை சொல்லி, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. ஆலைகள் நவம்பரில் மூடி, அடுத்த மார்ச் வாக்கில்தான் திறந்தன. அடுத்த வருஷமே கொரோனா. வாரக்கூலியை நம்பி வாங்கிய கடனுக்கு வாரக்கூலி இல்லை. அடுத்த மட்டம் எழும்பாமல் அடுத்த தவணையும் இல்லை. மூன்றரை அடிச் சுவருக்குள் வேலிக்கருவை முளைத்துக் கிடக்கிற மனைகள் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. வேலையை ஏன் நிறுத்தினார்கள் என்று கோப்பில் எழுதும்போது "பயனாளியின் ஆர்வமின்மை" என்று எழுதுவது சுலபம்.

2024-ல் மாநில அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைத் தொடங்கியது. 2030-க்குள் 8 லட்சம் வீடு, முதல் வருஷம் 1 லட்சம், ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி காங்கிரீட் கூரை. இதுவரை வந்த தொகைகளில் கட்டுமானச் செலவுக்கு ஓரளவாவது பக்கத்தில் வருவது இதுதான். மீதி 60 சதுர அடிக்கு வேறு கூரை போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது; ஐம்பது வருஷத்துக்கு முந்தின அந்தச் சொல் இன்னும் போகவில்லை. அதே வருஷம் நகர்ப்புற மத்தியத் திட்டத்தின் இரண்டாம் கட்டமும் தொடங்கியது. அதில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 2015-ல் இருந்த அதே 1.50 லட்சம். கனவு இல்லத்துக்கு யார் மனு போடலாம்? குடிசையில் இருக்க வேண்டும். அந்த இடம் சொந்த இடமாக இருக்க வேண்டும், பட்டா இருக்க வேண்டும். வளவு வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் இன்னும் இலவச மனைப் பட்டாவுக்கான மனுவைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது.